கோட்டு மாஸ்டரின் பச்சை

"கையைக் கொஞ்சம் தூக்கும்மா தாயே, அக்குள் எப்படி வெட்டியிருக்கான்னு பார்த்துக்கறேன்" என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சுகிறார் மாஸ்டர். சுவரில் ஓடும் படத்தில் ஒரு பெண் பாறை மேல் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். எதற்கு அழுகிறாள் என்பது மாஸ்டருக்குத் தெரியாது. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் எந்தப் படத்தையும் பார்ப்பார். கண்ணைத் துடைக்க அவள் கையை உயர்த்தியதும் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்துகிறார். கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவிக்கொண்டு சுவருக்கு ஓடுகிறார். கை எங்கே இணைகிறது, தோள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சுவரைத் தடவி அளக்கிறார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து, "ம், இப்ப அழு" என்று அனுமதி கொடுக்கிறார்.

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆளாக நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான, வேகமாக நடக்கிற பெண்மணி அவர். பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள் அவருடைய தையலகம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டல்களுக்கும் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலை இன்றும் உண்டு, சோறு போடுவது அதுதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தரம் அவருக்குக் கிறுக்குப் பிடிக்கும். வெளிவந்தபோது நாய்கூடச் சீந்தாத, பிறகு ஒரு சிறு கூட்டம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற படங்கள் இருக்கின்றன அல்லவா, அப்படி ஒரு படத்தைப் பிடித்துக்கொள்வார். அதிலிருந்து சட்டையும் கோட்டும் கால்சட்டையுமாக ஒரு தொகுப்பு தைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரை நடக்கவிட்டுக் காட்டுவார்.

பேய் ஒன்று தபால்காரராக வேலை பார்க்கும் படத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது பாக்கெட்டுகளை மட்டுமே. அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் பை எடுத்துப் போவதில்லை. கத்தி வீசுகிற ஊமைப் பெண்ணின் படத்திலிருந்து வந்த சட்டையில் தோளருகே ஒரு கிழிசல் உண்டு. அதற்கு அடியில் வேறு நிறத் துணி தெரியும். ஆபீசுக்கே போட்டுக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படத்தில் இருப்பதை அப்படியே தைத்துத் தரும்படி கேட்டு வருகிறவர்களிடம் மாஸ்டருக்கு ஒரே பதில்தான். "வேஷம் வேணும்னா வாடகைக் கடைக்குப் போங்க. நான் சிரிக்கறதுக்குத் தைக்கல, போட்டுக்கறதுக்குத் தைக்கறேன்."

பொம்மைகளை அவர் நம்புவதில்லை. பொம்மைக்குத் தொப்பை கிடையாது, அது மூச்சு விடாது, அதற்குக் குனியத் தெரியாது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆகவே பஸ் ஓட்டுநரான கணவர்தான் பொம்மை. வேலை முடிந்து வந்த மனிதர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு பக்கக் கை மாட்டப்பட்டுவிடும். இன்னொரு படத்தில் வரும் சந்திர மனிதனின் மேலங்கியில் நின்றபடியே அவர் டீ குடிப்பதைத் தெருவில் பலர் பார்த்திருக்கிறார்கள். "ஸ்டியரிங் பிடிக்கற மாதிரி பிடிங்க" என்பார் மாஸ்டர். அவர் பிடிப்பார். முதுகில் துணி இழுத்தால் பிரித்துத் தைப்பார்கள், இழுக்காவிட்டால் அவருக்கு விடுதலை.

வரவு செலவு, போன், வாடிக்கையாளர்களிடம் மல்லுக்கு நிற்பது ஆகியவை தங்கையின் இலாகா. தான் இல்லாவிட்டால் அக்கா ஊருக்கெல்லாம் சும்மா தைத்துக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்பாள் என்பது தங்கையின் கட்சி. தங்கை இல்லாவிட்டால் நிம்மதியாகத் தெருவில் நிற்பேன் என்பது அக்காவின் கட்சி. இருவரும் ஒரே டப்பாவில்தான் மத்தியானம் சாப்பிடுகிறார்கள்.

இந்த வருஷக் கிறுக்கு ஒரு கோட்டின் மேல். அந்தப் படத்தின் உண்மைப் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது கோட்டுப் படம். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண், நிலாவைத் திருட வரும் கும்பலை எதிர்த்துப் போராடுகிறாள். ஆரம்பத்தில் மாட்டிய கோட்டை அவள் கடைசிவரை கழற்றுவதில்லை. தூங்கும்போதும் கோட்டு, கடலில் நீந்தும்போதும் கோட்டு. காலர் காது வரைக்கும் நிற்கும். கும்பல் நெருங்கி வரும்போது அவள் திரும்பி, "கதவைச் சாத்து, நிலா உள்ள வந்துடும்" என்பாள். நிலாவைக் காப்பாற்ற வந்தவளுக்கு நிலா உள்ளே வந்தால் என்ன நஷ்டம் என்று கேட்டால் இன்றுவரை யாரிடமும் விடை இல்லை. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை.

இப்போது என்னடாவென்றால், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னத் தியேட்டரில் அதை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போடுகிறார்கள், கூட்டம் நிரம்பி வழிகிறது. அந்த வசனம் வரும்போது அரங்கமே சேர்ந்து கத்தும். முன்னால் நின்று கத்த ஆரம்பிப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர். படத்தின் ஒரு வரி விடாமல் ஒப்பிப்பார் என்பதால் அவருக்குப் பெயரே வசனம். மாஸ்டரை இந்தப் படத்தில் இழுத்துவிட்ட புண்ணியவான் அவர்தான்.

மாஸ்டர் கோட்டை மாதக்கணக்கில் பார்த்தார். பட்டன் எந்தப் பக்கம், காஜா எந்த நூலில், நனைந்தால் துணி எப்படித் தொங்குகிறது என்பதெல்லாம் அத்துப்படி. நிறத்துக்குத்தான் அதிகம் பாடுபட்டார். செங்கல்லும் இல்லை, துருவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்பு. சாயப்பட்டறைக்காரர் முக்கி எடுத்ததையே மறுபடி மறுபடி முக்கி எடுத்து, கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். துணியைச் சுவரில் ஓடும் படத்தோடு ஒட்டிப் பார்த்தால் எது துணி எது படம் என்று தெரியக் கூடாது என்பது மாஸ்டரின் கணக்கு. தெரியவில்லை. அந்தச் சிவப்பில் நீளக் கோட்டு, குட்டைக் கோட்டு, கை இல்லாத கோட்டு, குழந்தைக்கு ஒரு கோட்டு என்று வரிசையாகத் தொங்கவிட்டார். "என் கண்ணு திரையில எதையும் தப்பவிடாது" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

அந்தப் படத்தின் கதாநாயகியை வசனம் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார் அந்த அம்மாள். அறுபது வயது, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், குரல் மட்டும் ஹாரன் மாதிரி. அதற்குப் பிறகு அவர் வேறு படத்தில் நடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு வர வேண்டும், கடைசியாக ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று தங்கை போனில் கேட்டதற்கு, "வந்து பார்க்கறேன், பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தார்.

வந்தார். மாடியேறி மூச்சு வாங்க நின்று, தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நல்ல துணி, நல்ல வெட்டு என்று மெச்சினார். பிறகு இது எந்தப் படத்துக் கோட்டு என்று கேட்டார்.

கேலி செய்கிறார் என்று நினைத்து மாஸ்டர் சிரித்தார். "உங்க கோட்டுதான் மேடம்."

"என் கோட்டு பச்சையாச்சே."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாஸ்டர் படத்தைச் சுவரில் ஓடவிட்டார். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், விரலை நீட்டினார். "கோட்டை விடுங்க. கடலைப் பாருங்க."

கடல் சிவப்பாக இருந்தது. மரத்து இலைகள் பழுப்பாக இருந்தன. கலங்கரை விளக்கமே வெட்கப்பட்டவன் முகம் மாதிரி இருந்தது. பழைய கலர் படச் சுருள் வயதாக ஆக மற்ற நிறங்களை இழந்து சிவந்துபோகும். மிச்சமிருந்த ஒரே சுருள் அப்படிச் சிவந்த பிறகுதான் அதிலிருந்து எல்லாப் பிரதிகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிற வசனத்துக்கும் தெரியவில்லை, ஊருக்கே கண் பரிசோதிக்கிறவர் அவர். மாஸ்டருக்கோ கோட்டை விட்டுக் கண் நகரவே இல்லை. அதைச் சுற்றி இருந்த கடலை அவர் பார்த்ததே இப்போதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிவப்பாகவே இருக்கட்டும், தாராளமாகப் போட்டுக்கொண்டு நடக்கிறேன் என்றார். காரணத்தையும் சொன்னார். அந்தப் பச்சைக் கோட்டு அவருக்குத் தைத்ததே இல்லை. வேறு யாரோ ஆணுக்குத் தைத்து மிஞ்சிக் கிடந்ததை எடுத்து மாட்டிவிட்டார்கள். தோள் முழங்கையில் கிடந்தது. படம் ஓடாவிட்டாலும் சுவரெல்லாம் அந்தக் கோட்டு போஸ்டர்தான், பஸ்ஸில் ஏறினால் போதும், ஆண்களும் பெண்களும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரிப்பார்களாம். "பேரு மறந்துபோச்சு எல்லாருக்கும். கோட்டு வருது பாரு, கோட்டு வருது பாருன்னுதான் சொல்வாங்க. பஸ்ல போறதுக்குப் பயந்துகிட்டுத்தான் நான் கார் ஓட்டவே கத்துக்கிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மற்றவர்களால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அவர் இறங்கிப் போனதும் தங்கை தீர்ப்பு வழங்கிவிட்டாள். போட்டவங்களே சரின்னுட்டாங்க, பேசாமல் விடு என்றாள். வசனமும் அந்தக் கட்சிதான். ரசிகர்கள் காதலித்தது சிவப்புக் கோட்டை, திடீரென்று பச்சை என்றால் மனசு எப்படி மாறும் என்று கேட்டார். மாஸ்டர் இருவருக்கும் தலையாட்டினார். பார்த்தவர்கள் பார்த்தது சிவப்பு, தைத்தது தைத்ததாகவே இருக்கட்டும் என்றும் சொன்னார். ஆனால் மனுஷி சரியாக இல்லை. கணவரின் இடது கையைக் கோட்டின் வலது கைக்குள் நுழைக்கப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீருடைக்குக் காஜாவைப் பின்பக்கம் எடுத்துவிட்டார். கண்ணைப் பற்றிப் பீற்றிக்கொண்டது அவமானமாகத்தான் இருந்தது. அதைவிட, ஒரு பொம்பளையை ஆள் மாற்றித் தைத்த கோட்டுக்குள் திணித்துவிட்டு, அவளைப் பார்த்தே சிரித்தார்களே என்ற நினைப்புத்தான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சரியான நிறத்தில், சரியான அளவில் அந்தக் கோட்டை அவர் தோளில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், பார்க்கிற ஒருவரும் சிரிக்கக் கூடாது. அது நடக்காவிட்டால் வரிசையாகத் தொங்குகிற அத்தனை சிவப்பும் வீண் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பச்சை என்றால் எந்தப் பச்சை? உலகத்தில் அதைச் சொல்ல ஒருவர்தான் இருந்தார். மாஸ்டர் ஒரு கட்டுத் துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார். அந்த அம்மாளுக்கு நிற்க நேரமில்லை. ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார், வேண்டுமானால் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். மாஸ்டர் ஏறிக்கொண்டார். புதிதாக ஓட்டப் பழகுகிற ஒரு பெண் குலுக்கிக் குலுக்கி ஓட்ட, பின்சீட்டில் இருந்து ஒவ்வொரு துண்டாக நீட்டினார். அந்த அம்மாள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஓரக்கண்ணில் வாங்கி, தள்ளிக்கொண்டே வந்தார். இது கிளி, இது இலை, இது ஆஸ்பத்திரி. "கிளட்ச், கிளட்ச்" என்று நடுநடுவே வருவது மாணவிக்கு. இன்னும் கொஞ்சம் இருட்டு என்பது மாஸ்டருக்கு. இருவரும் சமமாக மிரண்டுபோய் இருந்தார்கள்.

சிக்னலில் வண்டி நின்றபோது கண்ணாடியில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினார். பாசி பிடித்த பாட்டிலின் பச்சை. "அதுதான்" என்றார். அப்புறம் கண்ணாடிக்குள்ளிருந்தே மாஸ்டரைப் பார்த்தார். "தைச்சுக்கோங்க. நான் போட மாட்டேன்."

"போடுங்கன்னு நான் சொல்லலயே. சரியா ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான்."

"சிரிப்பாங்க மாஸ்டர். அங்க வர்றதே சிரிக்கறதுக்குத்தான்."

"படத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும். கோட்டைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னா அது என் தப்பு, உங்க தப்பு இல்ல."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் வண்டிகள் கத்த ஆரம்பித்தன. மாணவி வண்டியை அணைத்துவிட்டாள். அந்த அமளியில் மாஸ்டர் முன்பக்கம் எட்டி அந்த அம்மாளின் தோளை டேப்பால் அளந்துகொண்டார். அவர் தடுக்கவில்லை, முகத்தையும் திருப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் கொள்ளாத கூட்டம். படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் இருந்த மேடையில் சிவப்புக் கோட்டுகள் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் கூச்சல், விசில். பஸ் ஓட்டுநர் நீளக் கோட்டில் வந்து, பழக்க தோஷத்தில் ஸ்டியரிங் பிடிப்பது போல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதற்கும் கைதட்டினார்கள். வசனம் முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் பக்கெட்டும் துடைப்பமும் இருக்கிற அறையில் அந்த அம்மாள் சிவப்புக் கோட்டு போட்டுத் தயாராக இருந்தார். ஆணியில் பச்சை தொங்கியது. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது என்று மாஸ்டர் தங்கையிடம் சொல்லி வைத்திருந்தார். தங்கையும் அதிசயமாக வாயைத் திறக்கவில்லை. வெளியே கூட்டம் சிரித்தது. அந்த அம்மாள் கதவிடுக்கு வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பினார். ஆணியில் தொங்கியதன் தோளில் கையை வைத்து, தன் தோளில் கையை வைத்து, இரண்டையும் ஒப்பிட்டார். பிறகு சிவப்பின் பட்டன்களை அவிழ்த்தார்.

"எனக்குன்னு அளவெடுத்தது" என்றார். கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். கோட்டு ஏறியது, எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. அந்த அம்மாள் கையை முன்னால் நீட்டிப் பார்த்தார், கியர் போடுவது போல் ஆட்டிப் பார்த்தார். "சிரிச்சாங்கன்னா உங்க தப்பு. நீங்கதான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கூச்சல் தானாக அடங்கியது. யாருக்கும் புரியவில்லை. நரைத்த முடியோடு ஒருவர், பார்த்தறியாத ஒரு பச்சைக் கோட்டு. படத்தில் தொளதொளவென்று தொங்கியது இதில் தோளைப் பிடித்து நேராக இறங்கியது. பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, துணைக்கு ஆள் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டார்கள். வசனம் வாயைத் திறந்தபடி நின்றார், அதிலிருந்து வசனம் வரவில்லை. திரை ஓரத்தில் நின்ற மாஸ்டர் கழுத்து டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய வீம்புக்கு இன்னொருத்தியை அத்தனை பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே என்று பயந்தார்.

அந்த அம்மாள் கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். சாலையின் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். கத்தவில்லை, நடிக்கவும் இல்லை. மாணவிக்குச் சொல்கிற குரலில் சாதாரணமாகச் சொன்னார்.

"கதவைச் சாத்து. நிலா உள்ள வந்துடும்."

கடைசி வரிசையில் கதவருகே இருந்த பெரியவர் ஒருவர் அவசரமாக எழுந்தார். நிஜமாகவே போய்க் கதவைச் சாத்தினார், சாத்தியதைத் தள்ளியும் பார்த்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் கைதட்டல் கிளம்பியது. வசனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையே எழுந்து நின்றது. தங்கை அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ சொன்னாள், சத்தத்தில் கேட்கவில்லை.

மாஸ்டர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் கண் பச்சைக் கோட்டின் இடது கையில் நின்றிருந்தது. தேய்ந்த செருப்போடு விறுவிறுவென்று மேடை ஏறினார். அத்தனை பேர் பார்க்க அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். கை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.